வாயைத் திறந்தால் கேட்கும்

லைனில் டிக் டிக் என்று ஏதோ சத்தம் வருகிறது என்று முதலில் புகார் செய்தவர் அகமதாபாத்தில் இருந்த ஒரு நூல் வியாபாரி. அறுபதுகளின் பின்பகுதி அது. வீடு தாராவியில்; ஃபோர்ட் பகுதியில் ஒரு துணி ஏற்றுமதிக் கம்பெனியில் நான் டெலிபோன் ஆபரேட்டராக இருந்தேன். காதில் ஹெட்போன், மார்பில் ஒரு தகடு, அந்தத் தகட்டிலிருந்து வாய்க்கு நேராக வளைந்து வரும் மைக். அதை மாட்டிக்கொண்டு போர்டின் முன் உட்கார்ந்தால் சாப்பாட்டு நேரம் வரை கழற்ற முடியாது.

வியாபாரிக்குப் பிறகு எங்கள் சொந்த மேனேஜரே புகார் சொன்னார். மெக்கானிக் வந்து வயரை மாற்றினான். சத்தம் போகவில்லை. ஹெட்செட்டையே மாற்றினான். அப்போதும் போகவில்லை. நான் லீவில் இருந்த அன்று மட்டும் லைன் சுத்தமாக இருந்தது என்று அவன்தான் கவனித்துச் சொன்னான்.

எங்கள் சூப்பர்வைசர் ஒரு கோவாக்காரப் பெண்மணி. தலை நரைத்தவர். எல்லோரும் அவரை ஆன்ட்டி என்றுதான் கூப்பிடுவோம். அவர் என் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு என் லைனைத் தானும் காதில் வைத்துக் கேட்டார். பிறகு ஹெட்போனைக் கழற்றி என் முகத்தைப் பார்த்தார்.

"யே தேரே அந்தர் ஸே ஆ ரஹா ஹை க்யா?"

எனக்கு நெஞ்சில் ஆபரேஷன் ஆனது அவருக்குத் தெரியும். சத்தம் பற்றி நான் சொல்லியிருக்கவில்லை. ஆமாம், எனக்குள்ளிருந்துதான் வருகிறது என்று சொல்வதற்குப் பதில் வாயை நன்றாகத் திறந்து காட்டினேன். மூடிய வாய்க்குள் மங்கலாக இருக்கும் சத்தம் திறந்தால் பெட்டியைத் திறந்தது போல வெளியே வரும். அவர் குனிந்து கேட்டார். இரக்கப்படவும் இல்லை, பயப்படவும் இல்லை. பேசாத நேரத்தில் வாயை மூடி வை, மூக்கால் மூச்சு விடு என்று இந்தியில் சொன்னார். தகட்டை என் மார்பிலிருந்து எடுத்து மேசையில் ஒரு ஸ்டாண்டில் பொருத்தச் சொன்னார். புகார் நின்றுவிட்டது. இந்தச் சத்தத்தைப் பற்றி அதற்குப் பிறகு எனக்கு எத்தனையோ பேர் எத்தனையோ சொல்லியிருக்கிறார்கள். அவர் சொன்ன அளவுக்கு உபயோகமாக யாரும் சொன்னதில்லை.

சின்ன வயதில் எனக்கு ஒரு காய்ச்சல் வந்தது. முழங்கால், முழங்கை எல்லாம் வீங்கின. போகும்போது அந்தக் காய்ச்சல் இதயத்தில் ஒரு வால்வைக் கெடுத்துவிட்டுப் போயிருந்தது. வேலைக்குப் போகத் தொடங்கிய காலத்தில் சயான் ஸ்டேஷன் பாலத்தின் படிகளை என்னால் ஒரே மூச்சில் ஏற முடியாது. நடுப்படியில் நின்று கைப்பையில் எதையோ தேடுவது போல நடிப்பேன். பின்னால் வருகிறவர்கள் திட்டிக்கொண்டே சுற்றிப் போவார்கள். கடைசியில் நடிக்கவும் மூச்சில்லாமல் போனபோதுதான் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

கெட்டுப்போன வால்வை எடுத்துவிட்டு வெளிநாட்டிலிருந்து வரும் ஒன்றை வைக்கலாம் என்றார் டாக்டர். உலோகக் கம்பியில் ஒரு சின்னக் கூண்டு. அதற்குள் அரைநெல்லிக்காய் அளவில் ஒரு பந்து. இதயம் அடிக்கும்போதெல்லாம் பந்து போய் வரும். இந்த ஊருக்கு அப்போது அது புதிது. தாராவியில் மளிகைக் கடை வைத்திருந்த என் அப்பா எந்தச் சரக்கையும் திருப்பிப் பார்க்காமல் வாங்க மாட்டார்.

"டாக்டர் சார், அந்தப் பந்து கழண்டு விழுந்திராதா?" என்று கேட்டார்.

"எங்கள் கையில் இதுவரை விழுந்ததில்லை" என்றார் டாக்டர். கொஞ்சம் யோசித்துவிட்டு, "நாங்களும் இன்னும் நிறைய வைத்ததில்லை" என்றார்.

அந்த இரண்டாவது வாக்கியத்துக்காகத்தான் அப்பா அவரை நம்பினார்.

வார்டில் எனக்குப் பக்கத்துக் கட்டிலில் ரத்னகிரிப் பக்கத்துப் பெண் ஒருத்தி இருந்தாள். அவளுக்கும் அதே ஆபரேஷன். எனக்குப் பிறகு அவளைக் கொண்டுபோனார்கள். மறுநாள் அந்தக் கட்டிலுக்குப் புதிய விரிப்புப் போட்டார்கள். அவளுடைய சீப்பு மட்டும் ஜன்னல் விளிம்பில் சில நாட்கள் இருந்தது.

எங்கள் வீடு கடைக்குப் பின்னால் ஒரே அறை. தெருவில் தோல் பட்டறைச் சுத்தியல், குழாயடிச் சண்டை, வண்டிக்காரர்கள் கூப்பாடு. பகலில் என் சத்தம் எனக்கே கேட்காது. அக்கம்பக்கம் அடங்கினால்தான் அது இருப்பது தெரியும். முதல் மாதங்களில் எனக்குத் தூக்கமே இல்லை. அடுத்த டிக் வருமா என்று காத்துக்கொண்டே கிடப்பேன். பிறகு ஒரு நாள் காத்திருக்க மறந்துபோய்த் தூங்கிவிட்டேன். அவ்வளவுதான், வேறு எந்த வைத்தியமும் நான் செய்யவில்லை.

அம்மாவுக்கு நான் பிழைப்பேனா என்ற பயம் தீர்ந்ததும் அடுத்த பயம் வந்தது. ஊருக்குத் தெரிந்தால் யார் கட்டிக்கொள்வார்கள்? ரத்தம் உறையாமல் இருக்க நான் விழுங்கும் மாத்திரைக்கும் பிள்ளைப்பேற்றுக்கும் ஆகாது என்று டாக்டர் சொன்னபோது அம்மாவும் பக்கத்தில்தான் இருந்தாள். அது தன் காதில் விழாதது போலவே இருந்துவிட்டாள். அப்பாவை நச்சரித்து ஒரு ரேடியோ வாங்க வைத்தாள். வாசலில் யார் செருப்புச் சத்தம் கேட்டாலும் ரேடியோவைத் திருகிவிடுவாள். இந்தி நியூஸ், மராத்தி நாடகம், எது வந்தாலும் சரி. எங்களுக்கு வியாபாரம் பெருகிவிட்டது என்று தெருவில் பேசிக்கொண்டார்கள்.

செம்பூரிலிருந்து ஒரு வரன் வந்தது. எங்கள் பக்கத்து ஊர்க்காரர்கள்தான். பையன் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர். பெண்ணுக்கு நெஞ்சில் சின்ன ஆபரேஷன், இப்போது சுகம் என்று தரகரிடம் அம்மா சொல்லி வைத்திருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பையன், அவனுடைய அம்மா, அப்பா மூவரும் வந்தார்கள். பட்டறைகள் மூடியிருந்தன. வந்தவர்களுக்கு வியர்க்குமே என்று அம்மா எதிர்வீட்டில் டேபிள் ஃபேன் இரவல் வாங்கி வைத்திருந்தாள். ரேடியோ பாட, ஃபேன் சுற்ற, நான் கேசரித் தட்டுகளோடு வந்து நமஸ்காரம் செய்து உட்கார்ந்தேன். பையன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுடைய அம்மா என் வேலையைப் பற்றிக் கேட்டார். நான் பதில் சொல்லிக்கொண்டிருந்தபோது எங்கள் வீட்டுப் பழைய வயரிங் இரண்டையும் தாங்காமல் ஃப்யூஸ் போயிற்று.

பாட்டு நின்றது. ஃபேன் மெதுவாகி நின்றது. அறையில் ஒரு சத்தம் மட்டும் மிச்சமிருந்தது.

பையனின் அம்மா சுவர்களைப் பார்த்தார். எங்கள் வீட்டில் கடிகாரம் கிடையாது.

"இது பக்கத்து வீட்டுக் கடியாரம் மதினி" என்றாள் அம்மா.

அந்தப் பொய் என் காதில் விழுந்ததும் எனக்குப் படபடப்பு ஏறியது. படபடப்பு ஏறினால் சத்தமும் வேகமாகும். அதை நிறுத்த எனக்கு வழியில்லை.

"பக்கத்து வீட்டுக் கடியாரம் என்ன இம்புட்டு அவசரமா ஓடுது?" என்று அவர் கேட்டார். கேலியாக அல்ல, நிஜமாகவே புரியாமல்தான் கேட்டார்.

"அது கடியாரம் இல்ல அத்தை. நான்தான்" என்றேன்.

கூண்டையும் பந்தையும் பற்றிச் சொன்னேன். பிள்ளை பெற முடியாது என்பதையும் சேர்த்துச் சொன்னேன். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். வந்தவர்கள் கேசரியை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டு, தண்ணீர் குடித்து, மரியாதையாக எழுந்து போனார்கள். பொருத்தம் சரியில்லை என்று தரகர் மூலம் சொல்லி அனுப்பினார்கள். எனக்கு வருத்தமா என்று கேட்டால், ஃப்யூஸ் போன நேரத்தில் எனக்கு ஒரு நிம்மதிதான் வந்தது. அம்மாவிடம் அதைச் சொல்லவில்லை.

மழைக்காலம் பாதி போயிருக்கும். ஒரு நாள் சாயங்காலம் நான் ஆபீஸிலிருந்து வந்து உட்கார்ந்திருந்தேன். அந்தச் செம்பூர்ப் பையனின் அம்மா நனைந்த குடையோடு தனியாக வாசலில் நின்றார். என் அம்மா வழக்கம்போல ரேடியோவைத் திருகினாள். பிறகு வந்தது யார் என்று பார்த்து முகம் மாறினாள்.

"அன்னைக்கு எந்திரிச்சுப் போனவிய, இன்னைக்கு என்ன சோலியா வந்திருக்கிய?"

"மதினி, நான் அந்தப் பேச்சுக்கு வரல. எனக்கு ஒரு மவ இருக்கா."

சொல்லி முடிப்பதற்குள் அவருக்கு அழுகை வந்துவிட்டது. பையனுக்குத் தங்கை. கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தவள். மாடி ஏற முடியாமல் படிப்பை நிறுத்திவிட்டாள். என்னைப் பார்த்த அதே டாக்டர் அவளுக்கும் அதே ஆபரேஷன் சொல்லியிருந்தார். அவள் அப்பா முடியாது என்கிறார். அந்தப் பெண்ணும் மாட்டேன் என்கிறாள்.

"ஒங்க மவ நெஞ்சுல அன்னைக்குக் கேட்டுச்சே, அந்தச் சத்தத்தை இன்னொருக்க கேக்கணும். அதான் வந்தேன்."

அம்மா தானாகப் போய் ரேடியோவை அணைத்தாள். வெளியாள் ஒருவர் வீட்டுக்குள் இருக்கும்போது அவள் அதை அணைத்தது அன்றுதான் முதல் தடவை. நான் அந்த அம்மாளின் அருகே போய் வாயைத் திறந்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"வலிக்குமாம்மா?"

"இப்ப இல்ல அத்தை."

"மாடி ஏறுதியா?"

"சயான் பாலத்தை நிக்காம ஏறுதேன்."

அவருக்கு அம்மா காபி போட்டுக் கொடுத்தாள். சர்க்கரை போட மறந்துவிட்டாள். அவரும் அதை அப்படியே குடித்து முடித்தார்.

அடுத்த ஞாயிறு நான் செம்பூருக்குப் போனேன். அந்தப் பெண் ஜன்னலோரம் தலையணைகளை அடுக்கிச் சாய்ந்திருந்தாள். என்னைவிட மூன்று நான்கு வயது இளையவள். உதடு நீலம் பாரித்திருந்தது. நான் உட்காருவதற்கு முன்பே கேட்டாள்.

"நீங்கதான் கடியார மதினியா?"

"ஏட்டி!" என்று அவளுடைய அம்மா அதட்டினார்.

"வீட்ல அவியளுக்கு அதானே பேரு? நீங்க எல்லாரும் அப்படித்தானே சொல்லுதிய?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அவளும் சிரிக்கப் பார்த்தாள், மூச்சு இடம் கொடுக்கவில்லை. பிறகு வரிசையாகக் கேட்டாள். தூக்கம் வருமா, தழும்பு எவ்வளவு நீளம், சினிமா தியேட்டரில் பக்கத்து சீட்டுக்காரர்கள் திரும்பிப் பார்ப்பார்களா. எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன்.

"செத்துப்போனவங்களும் உண்டா?"

ரத்னகிரிப் பெண்ணைப் பற்றிச் சொன்னேன். புதிய விரிப்பு, சீப்பு வரை சொன்னேன். அவளுடைய அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. இவளை ஏன் கூட்டி வந்தோம் என்று அவர் நினைத்திருக்கக்கூடும். அந்தப் பெண் மட்டும் தலையணையிலிருந்து நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"எங்கிட்ட வாரவிய எல்லாரும் ஒண்ணும் ஆகாது, ஒண்ணும் ஆகாதுன்னுதான் சொல்லுதாவ. நீங்கதான் ஆவும்னு சொல்லுதிய" என்றாள். பிறகு அம்மாவிடம் திரும்பி, "டாக்டர்கிட்ட சொல்லிருங்க. நான் வாரேன்" என்றாள்.

ஏன் அப்படி மனம் மாறியது என்று அவளிடம் பிற்காலத்தில் கேட்டேன். தெரியவில்லை, உங்கள் முகம் தைரியம் சொல்லாமல் சும்மா இருந்தது, அதனால் இருக்கலாம் என்றாள்.

ஆபரேஷன் அன்று நான் லீவு போட்டேன். அம்மாவை யாரும் அழைக்கவில்லை. காலையில் புளியோதரை கிளறி டப்பாவில் அடைத்துக்கொண்டு அவளும் கிளம்பிவிட்டாள். ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் ஒரு பெஞ்சு. ஒரு முனையில் அந்தப் பெண்ணின் அம்மா, மறுமுனையில் என் அம்மா. மகளே சொன்ன பிறகு சம்மதித்த அவளுடைய அப்பாவும், அண்ணனும் மாடிப்படியில் நின்றார்கள். மத்தியானம் ஆயிற்று. அம்மா டப்பாவைத் திறந்து நீட்டினாள்.

"சாப்பிடுங்க மதினி."

"எறங்காது."

"நீங்க பட்டினி கெடந்தா அவ நெஞ்சு ஓடவா போவுது? எனக்கும் அன்னைக்கு இப்படித்தான் இருந்துச்சு. சாப்பிட்டேன். பாதகமில்ல, எறங்கும்."

அவர் ஒரு கை அள்ளினார். பிறகு இன்னொரு கை. கையைக் கழுவி வந்து, என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார். பெஞ்சில் இருவருக்கும் நடுவே உட்கார்ந்தேன். எதற்கு உட்காரச் சொன்னார் என்று தெரியும். வாயை லேசாகத் திறந்து வைத்துக்கொண்டேன். வார்டு பாய்கள் ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு போனார்கள், வந்தார்கள். அவர் தலையைக் குனிந்துகொண்டு கேட்டபடியே இருந்தார்.

"கடியாரம்னு சொல்லிட்டோமே" என்றார் நடுவில் ஒரு தடவை.

"எல்லாரும் அப்படித்தான் நினைக்காவ அத்தை" என்றேன்.

வெயில் இறங்கும் நேரத்தில் டாக்டர் வந்து, இதயம் தானாக ஓடத் தொடங்கிவிட்டது, இனி இரண்டு நாள் பார்க்க வேண்டும் என்றார். இரண்டு நாள் போயிற்று. அவள் பிழைத்தாள்.

வீட்டுக்கு வந்த பிறகு எங்கள் அம்மாக்கள் இருவரும் செம்பூர் வீட்டில் எங்களை எதிரும் புதிருமாக உட்கார வைத்துக் கேட்டார்கள். இரண்டு சத்தமும் சேர்ந்து போகவில்லை. அவளுடையது கொஞ்சம் வேகம், கொஞ்சம் மெல்லியது.

"என் மவளுக்குச் சத்தம் கம்மிதான்" என்றார் அவளுடைய அம்மா. அதில் சற்றுப் பெருமை இருந்தது.

"என் மவளுக்கு வச்சது மொதல்ல வந்த சரக்கு. அது அப்படித்தான் இருக்கும்" என்றாள் என் அம்மா விட்டுக்கொடுக்காமல்.

அதற்கப்புறம் ஒரு ஞாயிறு, பழத்தட்டும் பூவுமாக அந்த அம்மாள் எங்கள் வீட்டுக்கு வந்தார். பையனுக்கு இன்னும் ஆகவில்லை, பிள்ளை இல்லாவிட்டால் என்ன, தத்து எடுத்துக்கொள்ளட்டும் என்றார். என் அம்மாவின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"அவிய என்ன சொல்லுதாவ?" என்று கேட்டேன்.

"அவன் என்ன சொல்லப் போறான்? நான் சொன்னா கேப்பான்."

அன்று பொருத்தம் சரியில்லை என்று அவர் சொன்னபோதும் அவன் கேட்டுக்கொண்டுதான் இருந்திருப்பான். கெட்டவன் அல்ல. ஆஸ்பத்திரிப் படியில் நாள் முழுக்க நின்றவன். ஆனால் என்னிடம் ஒரு வார்த்தைகூட அவன் பேசியதில்லை. அந்தத் தட்டில் இருந்தது நன்றி என்று எனக்குத் தோன்றியது. அதை வைத்துக்கொண்டு ஒரு குடும்பம் நடத்த முடியுமா என்று தெரியவில்லை.

"வேண்டாம் அத்தை" என்றேன். "கோவத்துல சொல்லல. வேண்டாம், அவ்வளவுதான்."

அவர் தட்டைத் திருப்பி எடுத்துக்கொண்டு போகவில்லை. பழங்களை வைத்துவிட்டே போனார். அம்மா பல நாட்கள் என்னோடு நேராகப் பேசவில்லை. "அவளைச் சாப்பிடச் சொல்லுங்க" என்று அப்பாவிடம் சொல்வாள். நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பேன்.

மறுவாரம் ஆபீஸ் போர்டில் ஒரு கால் வந்தது. செம்பூரில் ஏதோ ஒரு கடையிலிருந்து.

"எங்க அண்ணனை வேண்டாம்னுட்டியளாமே?"

"ஆமா."

"நல்லதாப் போச்சு. அவன் விடுற கொறட்டைக்கு ஒங்க சத்தம் எவ்வளவோ தேவல. ஆனா நான் மதினின்னுதான் கூப்பிடுவேன், இப்பவே சொல்லிட்டேன்."

ஆன்ட்டி என்னைப் பார்த்து வாயை மூடு என்று சைகை காட்டினார். நான் சிரித்துக்கொண்டிருந்தேன்.

அவள் படிப்பை முடித்து ஒரு பாங்கில் வேலைக்குச் சேர்ந்தாள். டோம்பிவிலிக்காரர் ஒருவர் பெண் பார்க்க வந்தபோது, யாரும் எதுவும் பேசுவதற்கு முன் அவளே அவர் எதிரில் வாயைத் திறந்து காட்டினாள். அவர் கேட்டுவிட்டு, லோக்கல் ரயிலில் தினமும் தொங்கிக்கொண்டு போகிறவனுக்கு இது ஒரு சத்தமா என்றாராம். அவர்களுக்குக் குழந்தை இல்லை. அண்ணன் ஊரில் போய்ப் பெண் எடுத்தான். அந்தப் பெண் எனக்கு இன்றும் தீபாவளிக்கு முறுக்கு அனுப்புகிறாள். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அம்மா அந்த விஷயத்தில் கடைசிவரை என்னை மன்னித்தாளா என்று சொல்ல முடியாது. ஆனால் எங்கே போனாலும் என்னை அறிமுகம் செய்யும்போது, "இவளுக்கு நெஞ்சுல பந்து ஓடுது, கேட்டுப் பாக்கியளா?" என்று அவளே சொல்லத் தொடங்கிவிட்டாள்.

இப்போது வாஷியில் ஏழாவது மாடியில் இருக்கிறேன். ஜன்னலை மூடினால் தாராவியில் எப்போதும் கேட்காத அளவுக்கு அது கேட்கிறது. செக்கப்புக்குப் போனால் இளம் டாக்டர்கள் ஒருவரையொருவர் கூப்பிட்டு வந்து நிற்கிறார்கள். இந்த மாடலைப் புத்தகத்தில் மட்டும்தான் பார்த்திருக்கிறோம் என்கிறார்கள். அந்தச் செம்பூர்ப் பெண்ணுக்கு நடுவில் மறுபடி ஆபரேஷன் செய்து வேறு வால்வு வைத்தார்கள். அது ஏறக்குறையச் சத்தமே போடுவதில்லை. போன மாதம் வந்தபோது அதைப் பற்றிக் குறைப்பட்டுக்கொண்டாள்.

"வீடு ரொம்ப அமைதியா இருக்கு மதினி. எனக்கு இப்ப தூக்கம் வரமாட்டேங்கு."

நான்கு நாள் தங்கிவிட்டுப் போனாள். நன்றாகத் தூங்கினாள்.